நூற்றிருபது ஃப்ரேம்

"ராகுலன்... உன்ரை அக்கான்ரை கை அசையுது."

வீடியோக்கார அகஸ்ரின் மெதுவாகத்தான் சொன்னான்.

அக்கா சுபாங்கி இறந்து ஐந்து நாள். வீட்டுப் படியில் தவறி விழுந்தாள் என்றான் அவள் கணவன் நவரட்ணம். படியைப் பார்த்தபடி மாட்டியிருந்த வீட்டுக் கமராவின் மெமரி கார்டைத்தான் பொலிஸாரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கனடா, றிச்மண்ட் ஹில் தகனசாலை. பெட்டியை மூடியாயிற்று. இன்னும் பத்து நிமிடத்தில் நவரட்ணம் பட்டனை அமத்துவான். பெட்டி நெருப்புக்குள் போய்விடும்.

"விசர்க்கதை கதையாதை."

"நீயே பார்."

அகஸ்ரினுடைய கமராவின் சின்னத் திரையில், பெட்டியை மூடுமுன் எடுத்த காட்சி. சத்தமே இல்லை. நவரட்ணம் பெட்டிக்குள் குனிகிறான்... பூ வைக்கிறான்... சுபாங்கியின் வலது கை மெல்ல... மெல்ல... எழும்புகிறது. அந்தரத்தில் நிற்கிறது. பிறகு படுக்கிறது.

ராகுலனுக்கு அழுகை வந்தது. "அக்கா உயிரோடை இருக்கிறாவோ?"

"பொறு. ஏன் இவ்வளவு ஸ்லோவா ஓடுது?"

அகஸ்ரின் செட்டிங்ஸைத் திறந்தான். 120.

"ஐயோ... நேற்று ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை பூத் தூவுறதுக்குப் போட்டது. முப்பதுக்கு மாத்த மறந்திட்டன். செத்தவீடு முழுக்க ஸ்லோமோஷன்."

"அப்ப கை?"

"விநாடிக்கு நூற்றிருபது படம். கண்ணுக்குத் தப்பினதும் இதிலை விழும்."

ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினான். பூவுக்குக் கீழே நவரட்ணத்தின் இரண்டு விரல்கள். அவைதான் அந்தக் கையைத் தூக்குகின்றன. விரலிடுக்கில் நகமளவு கறுப்பு.

மெமரி கார்ட்.

ஏரியில் எறிந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். எரித்தால் தடயமே மிஞ்சாது என்று மனிதன் அளவுக்கு மீறி யோசித்துவிட்டான்.

ராகுலன் ஓடினான். நவரட்ணத்தின் விரல் பட்டனில் இருந்தது.

"அத்தான், கையை எடுங்கோ."

"என்னடா இது? அக்காவை நிம்மதியாப் போகவிடு."

"அவ போகமாட்டாவாம். கையிலை ஏதோ வைச்சிருக்கிறா."

நவரட்ணத்தின் கண்ணீர் சட்டென்று நின்றது.

பொலிஸ் வந்துதான் பெட்டியைத் திறந்தது. கார்டில் படி இருந்தது. சுபாங்கி இருந்தாள். அவள் முதுகில் இரண்டு கைகள் இருந்தன. விழுமுன் அவள் திரும்பிக் கமராவைப் பார்த்த பார்வை ராகுலனை இனித் தூங்கவிடாது.

விலங்கோடு போன நவரட்ணம் அகஸ்ரினை முறைத்தான். "செத்தவீட்டை ஆரடா ஸ்லோமோஷனிலை எடுக்கிறது?"

அகஸ்ரின் ஸ்டாண்டை மடக்கினான்.

"நீங்கள்தானே அண்ணை சொன்னியள்... லண்டனிலை வீடியோ பார்க்கிற சனத்துக்கு நீங்கள் அழுறது வடிவாத் தெரியோணும் எண்டு."