ஒன்றரைச் சுற்று

சாவியை வெளியே எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு நொடிதான் இருக்கும். பிறகு கார் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு அடங்கியது. பழைய டீசல் வண்டியில் இது அதிசயமில்லை என்று செபாஸ்டியனுக்குத் தெரியும். இந்த வகைக் காரில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் காற்றை உறிஞ்சித்தான் டீசல் வரத்து மூடப்படும். அதே உறிஞ்சல்தான் ஆட்டோ கியருக்கும் போகிறது. எங்கேயோ குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவன் இதற்கெல்லாம் பயப்படலாமா? ஆனாலும் இந்தக் கார் திரும்பத் தன் பட்டறைக்கு வரும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"மிதிச்சா இன்ஜின் கத்துது தம்பி, காடி போகுதில்லை. கியர் வழுக்குது," என்றார் நாகநாதன்.

துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. அவர் மனைவி கமலாம்பிகை டீச்சர் போன வருஷம் இதே காரில்தான் இறந்துபோனார். பாலிக் பூலாவ் மலைப்பாதையில், மழையில், ஏற்றத்தில் ஏறிய கார் திடீரென்று பின்னால் உருண்டு, பிரேக் பிடித்தும் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. மாக் மண்டின் பட்டறை ஒன்றில் யாரோ பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். அரைகுறை வேலை. ரிவர்ஸ் விளக்குக் கூட்டில் பல்புகூடப் போடவில்லை.

"நாளைக்கு அவவுக்கு முதலாம் வருஷ ஆட்டைத் திவசம்," என்றார் நாகநாதன். "பிள்ளையள் கேக்குதுகள், அம்மா எப்பிடிக் கியரைப் பிழையாப் போட்டவ எண்டு. ஒரு வருஷமா நான் அவவின்ர படத்துக்கு முன்னால நிண்டு ஏசிறன் தம்பி. விளக்குக் கொளுத்திப்போட்டு ஏசிறன். அது சரியோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

செபாஸ்டியன் ஜாக்கியை இழுத்தான். டீச்சர் கியரைத் தப்பாகப் போட்டார் என்ற கதையை அவருக்குச் சொன்னதே அவன்தான். ஆஸ்பத்திரி வராண்டாவில், யாரும் கேட்பதற்கு முன்பே, வாய் முந்திக்கொண்டது. "அக்கா பதட்டத்துல கியர மாத்தி ரிவர்ஸ்ல போட்டுட்டாங்க போல அண்ணே." அன்றிலிருந்து அவன் கோயிலில் நற்கருணை வாங்கும் வரிசையில் நிற்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குடியைச் சொன்னான், மனைவியை அடித்ததைச் சொன்னான். இதை மட்டும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சாவுக்கு மூன்று வாரம் முன்னால் டீச்சர் வந்து, கியர் மாறும்போது வண்டி உதறுகிறது, கழுத்து வலிக்கிறது என்றார். ஒழுகும் குழாயைத் தேட அரை நாள் வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, வாசலில் ஆறு வண்டிகள் நின்றன. அவன் அடியில் படுத்து, கியர்பாக்ஸின் பக்கத்திலிருந்த சின்னத் திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, வழக்கம்போல அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு வைத்தான். உதறல் போய்விட்டது. கூடவே எண்ணெய் அழுத்தமும் போனது. அழுத்தம் குறைந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் தேய்ந்து கருகும், ஏற்றத்தில் ஒருநாள் கைவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். மறுநாள் டீச்சர் டப்பா நிறையப் பயித்தம் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் தின்றான்.

இப்போது இன்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் கியர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். கறுப்பு. கருகிய வாடை. அதோடு இன்னொரு வாடையும் இருந்தது. யூகலிப்டஸ் தைலம். டீசல் புகை தலையைச் சுற்றுகிறது என்று டீச்சர் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு மூக்கில் வைத்துக்கொள்வார். ஒரு வருஷம் பழைய வாடை காருக்குள் தங்கலாம். கியர்பாக்ஸுக்குள் எப்படித் தங்கும்?

இன்ஜினை அணைத்து அடியில் படுத்தான். மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது, நேற்று வைத்தது போல ஈரமாக. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். திருகை ஒன்றரைச் சுற்று முறுக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். இனி யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

எழுந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரப் போனான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை முன்னால் தள்ளியிருந்தது, டீச்சரைப் போலக் குள்ளமானவர் ஓட்டுவதற்கு ஏற்றபடி. நாகநாதன் ஆறடி. ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

"மலைக்கே போவம்," என்றார் அவர். "அந்த ஏத்தத்திலயே பாப்பம்."

"மழ வருது லா அண்ணே. இங்கயே ஒரு ரவுண்டு..."

"அந்த ஏத்தம் தம்பி."

மாலை ஐந்து மணிக்கே வானம் இருட்டியிருந்தது. சமவெளியில் கார் ஒழுங்காகத்தான் போனது. மலைப்பாதையில் டுரியான் மரங்கள் இருபுறமும் நெருங்கி வர, மழை கண்ணாடியில் அறைய, வைப்பர் கீச்சிட்டபடி அசைய, அந்தத் தைல வாடை மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிப் பூட்டியிருந்தான். அது அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்வது போலிருந்தது. பிடிப்பான் தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

"கமலம் பின்னுக்கு எடுக்கேக்க மூண்டு தரம் கண்ணாடி பாக்கிறவ," என்றார் நாகநாதன், வெளியே பார்த்தபடி. "மூண்டு தரம் அதைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வா. நான் சிரிக்கிறனான். அப்பிடிப்பட்டவ பிழை விடுவாவோ?"

அந்த வளைவு வந்தது. இன்ஜின் அலறியது. கார் நகரவில்லை.

பிரேக்கை மிதித்தான். கைபிரேக்கை இழுத்தான். கியரைப் பார்க்கிங்கில் தள்ளினான். நின்றது. சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இன்ஜின் ஓடியது.

நாலு நொடி. பத்து நொடி. நிற்கவில்லை.

"எறங்குங்க அண்ணே. கட்ட வைக்கணும்."

மரக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். வலப்பக்கச் சக்கரத்தின் அடியில் மண்டியிட்டுக் கட்டையைச் செருகினான். நாகநாதன் வந்து சாலையோரம் நின்று, கையை நீட்டி, அவன் தலைக்கு மேல் குடை பிடித்தார். தான் நனைந்தார். அது அவனுக்குத் தாங்கவில்லை.

"சொல்லும் தம்பி. அவவின்ர பிழையோ?"

சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. ஒன்றரைச் சுற்று அண்ணே, நான்தான். நாலே வார்த்தை. நாளைக்குப் படத்துக்கு முன்னால் அந்த மனிதர் ஏசாமல் அழுதிருப்பார்.

"காடியில ஒண்ணுமில்ல அண்ணே," என்றான் செபாஸ்டியன். "அக்காதான் கியர மாத்திட்டாங்க."

குடை கொஞ்சம் தாழ்ந்தது.

காருக்குள் 'டக்'.

அவன் நிமிர்ந்தான். சாவி சட்டைப் பையில் இருந்தது. நாகநாதன் பக்கத்தில் நின்றார். காரில் யாரும் இல்லை.

மழைக்குள் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அவன் முகத்தில், கையில், கட்டையில். பல்பே இல்லாத ரிவர்ஸ் விளக்குகள் எரிந்தன.

எழ முயன்றான். சக்கரம் கட்டையின் மேல் அழுந்தியது. கட்டைக்கு அடியில் அவன் விரல்கள்.

"அண்ணே. நான்தான். அண்ணே, நான்தான் திருகுன..."

இன்ஜின் உறுமலில் அவனுக்கே அது கேட்கவில்லை. நாகநாதன் காதருகே கை வைத்துக் குனிந்தார்.

ஓட்டுநர் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி அசைந்தது. உள்ளிருந்து யாரோ திருப்புவது போல, மெதுவாக, பொறுமையாக. ஒரு தரம் வானத்தைக் காட்டியது. இரண்டாம் தரம் மரங்களை. மூன்றாம் தரம் கீழே சாய்ந்து, செபாஸ்டியனின் முகத்துக்கு வந்து நின்றது.