கைதட்டல் திரும்பி வரும் தூரம்

கையைத் தட்டினால் சத்தம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. காலி அறையில் எதிரொலி கேட்பது அதிசயமில்லை, ஆனால் அது வந்த தினுசுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்சுவரில் பட்டுச் சட்டென்று தெறிக்க வேண்டியது, எங்கோ போய் உட்கார்ந்துவிட்டு, யாரோ யோசித்துத் தட்டுவதுபோல் சாவகாசமாக வந்தது. புது வர்ண வாடையும் பலகைப் பசை வாடையும் மூக்கை அடைத்த அந்த ஜன்னலில்லாத அறையில், பகல் பதினொரு மணிக்கு, அவர் இன்னொரு முறை தட்டினார். இப்போதும் தாமதம்தான்.

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் வீட்டுச் சுவர்களை அளந்தவர், சொந்த வீட்டின் பின்னறையைச் சினிமா அறையாக மாற்றியது மனைவிக்காக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. கருவி வைத்த பிறகு சத்தம் கேட்டது, பேச்சு புரியவில்லை. எதிரொலியும் சேர்ந்துகொண்டால் எல்லாம் ஒரே இரைச்சல். இருவரும் சேர்ந்து படம் பார்க்கிற பழக்கம் அதோடு நின்றது. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு படமாவது அவள் வசனம் புரிந்து, தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஏங்கினார்.

அறையின் அழகு அவள் பொறுப்பு. பளபளக்கும் தரைக்கல், மரக்கூரை, ஒரு பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. எல்லாம் சத்தத்தைப் பந்துபோல் திருப்பி அடிக்கிற சாமான்கள். ஒலிக்கருவிக் கடைக்காரர் சொன்னபடி கறுப்புப் பஞ்சு அட்டைகளை அவர் வாங்கி வந்தார்.

“இதென்னங்க, முட்டை வச்சிருந்த அட்டையா?” என்றாள் மனைவி.

“சத்தத்தை உறிஞ்சும்மா.”

“அது சத்தத்தை உறிஞ்சுறதுக்குள்ள என் உயிர் போயிடும். கண்ணுக்குத் தெரியாம ஏதாவது பண்ணுங்க.”

கண்ணுக்குத் தெரியாமலாம். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

கடைக்காரர் அவருடைய செல்போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தார். “தட்டினதுக்கும் திரும்பி வர்றதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு காட்டும் சார். நம்பர் குறையக் குறைய நல்லது.” நடு நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் நின்று தட்டியபோது முதல் நாள் 0.30 வினாடி காட்டியது. அறை வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். கம்பளம் விரித்தார், 0.24. இரட்டைத் திரைச்சீலை போட்டார், 0.17. குறைந்ததே தவிர தொலையவில்லை. மூன்று வாரம் இதே கூத்து.

தச்சரை வரவழைத்து, பின்னால் கம்பளித்துணி ஒட்டிய மரச்சட்டங்களை முன்சுவரில் அடிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் தச்சர் வெளியே வந்துவிட்டார்.

“சுவத்துக்குப் பின்னாடி வேற யாராவது வேலை பார்க்கறாங்களா சார்?”

“பின்னாடி காலி மனை. ஏன்?”

“நான் சுத்தியலைக் கீழ வச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு அடி கேட்டுச்சு.”

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, விரலை இரண்டு முறை நசுக்கிக்கொண்டு, மீதிச் சட்டங்களை அவரே அடித்தார். 0.09. ஆனால் சத்தம் மங்கவில்லை. இன்னும் கனமாக, ஈரக்கையால் தட்டியதுபோல் வந்தது. நம்பர் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, அவருக்கு மண்டை காய்ந்தது.

மனைவி கதவு வழியே எட்டிப் பார்த்தாள். “முன்னெல்லாம் எங்கேயோ தூரத்துல தட்டுற மாதிரி இருந்துச்சு. இப்ப கிட்ட வந்துடுச்சுங்க.”

“குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். போய் வேலையைப் பாரு” என்று எரிந்து விழுந்தார்.

அவளுக்குப் பிடித்த ஓவியங்களைத் துணியில் அச்சடித்து, உள்ளே பஞ்சு அடைத்துச் சுவர்களில் மாட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 0.03. சனிக்கிழமை காலையில் கடைசி ஓவியத்தையும் மாட்டி, நாற்காலிகளைப் போட்டு, மனைவியைக் கூப்பிட்டார். அவள் சுற்றிலும் பார்த்தாள். முகம் மலர்ந்தது. நடு நாற்காலியில் சாய்ந்து, நன்றாகக் கேட்க வேண்டுமென்று கண்களை மூடிக்கொண்டாள்.

விளக்கைக் குறைக்கப் பக்கவாட்டுக் கதவருகே போனார். சுவிட்சுக்குக் கீழே ஒட்டியிருந்த வரைபடத்தில் அவர் எழுதிய எண்கள் வரிசையாக இறங்கின. தொழில் புத்தி, சும்மா இருக்கவில்லை. சத்தம் வினாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். போக ஒரு பாதி, வர ஒரு பாதி.

0.30. ஐம்பத்தொரு மீட்டர்.

நாற்காலியிலிருந்து முன்சுவர் ஆறே மீட்டர். அவரே அளந்தது.

நாற்பத்தொன்று. இருபத்தொன்பது. பதினைந்து. துணி சத்தத்தை மட்டுப்படுத்தும். சுவரை நகர்த்தாது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் நகர்ந்து வந்தது எது?

0.03. ஐந்து மீட்டர்.

அது சுவருக்கு இந்தப் பக்கம்.

அதுவும் நேற்றைய கணக்கு. காலையில் இன்னொரு ஓவியம் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு அளக்கவில்லை.

“நானும் ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டுமா?” என்றாள் மனைவி.

“வேண்டாம்.”

அவர் கத்தியதாகத்தான் நினைத்தார். கம்பளமும் திரையும் பஞ்சும் சொல்லை விழுங்கிவிட்டன. மூன்று வாரம் பாடுபட்டது இதற்குத்தான். அவளுக்கு அது எட்டவில்லை. அவர் கால் நகரவில்லை.

அவள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கினாள். சேர்த்தாள்.

டப்.

உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. இரண்டு கைகளும் அந்தரத்தில் எதிலோ பட்டு நின்றன.

“எதிரொலியே இல்லைங்க” என்றாள் சந்தோஷமாக. மூடிய கண்களைத் திறக்கவில்லை. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, வேறு விரல்களுக்கு இடம் விட்டு, மடங்கின. “கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு உங்களுக்கு?”

அவர் கதவருகே நின்றார். அவளுக்கும் அவருக்கும் நடுவே எட்டடி.

“எங்க கூட்டிட்டுப் போறீங்க?”

சிரித்துக்கொண்டே அவள் எழுந்தாள். நீட்டிய இரண்டு கைகளும் இழுபட, முன்சுவரைப் பார்த்து நடந்தாள்.