இடது பக்க விளக்கு

டிங்!

ஓவனின் மணி அடித்ததும் அட்ரியனின் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. பத்து நிமிடத்துக்கு வைத்திருந்தான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"கேக் சுடுற ஓவன்ல கார் லைட்டா? இந்தக் கிறிஸ்மஸுக்கு ரப்பர் கேக்தான் போல," என்றாள் மனைவி ஃபெலிசியா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"பசை இளகினாத்தான் கண்ணாடி கழலும். கார வாங்குற தீபன் நாலு மணிக்கு வந்து எடுத்துக்குவான். இன்னைக்கே போயிடணும் லா."

"மூணாவது தடவையா கழட்டுறீங்க. சர்ச்சுல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ண மட்டும் வர நேரமில்ல!"

அவன் சூடான விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கார் நிற்கும் முன்கூடத்துக்குப் போனான். மாசாய் ஊர் முழுக்க மழை. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிக் கிடந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் இதே போன்ற மழையில்தான், கோத்தா திங்கி செம்பனைத் தோட்டச் சாலையில், காரின் இடது பக்கம் எதுவோ மோதியது. காட்டுப்பன்றி என்று வீட்டில் சொன்னான். இறங்கிப் பார்க்கவில்லை. பம்பரை மாற்றிவிட்டான். விளக்கில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அதன் உள்ளே மட்டும் பனி படிந்துகொண்டே இருந்தது.

திருப்புளியை விளிம்பில் கொடுத்து நெம்பினான். கறுப்புப் பசை நூல் நூலாக இழுபட்டுக் கண்ணாடி பிரிந்தபோது, ஈர மண்ணும் அழுகிய செம்பனைக் குலையும் கலந்த வாடை எழுந்தது. அதற்கு அடியில், தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயின் வாசம். பசையில் ஒரு முடி ஒட்டியிருந்தது. இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழத்துக்கு மேல் வந்த அதைச் சுருட்டிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, கண்ணாடியின் உட்புறத்தை அழுத்தித் துடைத்தான்.

கீச்... கீச்...

புதுப் பசை தடவிக் கண்ணாடியைப் பொருத்தினான். கிளிப்புகளை இறுக்கினான். விளக்கைக் காரில் மாட்டினான்.

கீச்.

அவன் கையில் துணி இல்லை.

குனிந்து பார்த்தான். கண்ணாடிக்குள் பனி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல.

தெருமுனையில் ஹார்ன் சத்தம். தீபன் வந்துவிட்டான். சாவியைக் கொடுத்தால் போதும். பல்பின் சூட்டில் பனி காய்ந்துவிடும். காய வேண்டும். காருக்குள் ஏறி விளக்கைப் போட்டான்.

எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது. வட்டமாக. வெள்ளையாக.

அதன் நடுவில் ஒரு நிழல்.

சின்னது. இடமிருந்து வலமாக நகர்ந்தது. வலமிருந்து இடமாக. கண்ணாடியை உள்ளேயிருந்து துடைத்துக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தான். விளக்கு அணையவில்லை.

நிழல் நின்றது. மெல்ல விரிந்தது. உள்ளங்கை. அவன் பக்கம் திரும்பியது.

வாசற்படியில் ஃபெலிசியா நின்றிருந்தாள். அவள் கண் சுவரை விட்டு அகலவில்லை.

"பன்னின்னுதானே சொன்னீங்க, அட்ரியன்? பன்னிக்கு ஏது அஞ்சு விரல்?"