கழற்றிய கை

டீச்சர் வந்தபோது சர்வேயர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு கதவைத் திறந்தவரிடம், உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்காமல், "எங்க காரை யாரோ கெடுக்குறாங்க சார். நாங்க கிளம்புற நாளாப் பார்த்துக் கெடுக்குறாங்க" என்றார் அந்த அம்மா.

சர்வேயர் என்பது தெரு வைத்த பெயர். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது எப்படி நடந்திருக்கும் என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு தெருக்காரர்கள் அவரை விடவில்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிள் காணாமல் போனாலும் அவரிடம்தான் வந்தார்கள். இப்படி யாராவது வந்தால் போதும், சந்தைக்கு எதிரே சாவி போடும் கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனர் கடையை இழுத்துச் சாத்திவிட்டு வந்து நிற்பார். அன்றைக்கும் டீச்சர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் வந்துவிட்டார்.

டீச்சர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். அவருடைய கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கும் பழைய காரை இத்தனை வருஷமும் வெளியாள் கை படாமல் அவரே பிரித்து, துடைத்து, மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள் வண்டி ஓட்டப் பழகியதும் அதில்தான். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவள் தொலைவில் ஓர் ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. டீச்சருக்கு இதயம் பலவீனம். பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. வாடகைக் கார் பேசலாம் என்றால், நம்ம வண்டி இருக்கும்போது எதற்கு என்று கணவர் தடுத்துவிடுவார்.

"ஒரு தடவை அவ முகத்தைப் பார்த்து, நான் பேசினது தப்புன்னு சொல்லிடணும் சார். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

முதல் தடவை கிளம்பியபோது பெட்ரோல் பைப்பில் துணி அடைத்திருந்தது. அடுத்த தடவை பேட்டரி ஒயர் கழன்று கிடந்தது. இன்று காலை ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. கணவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, இந்தத் தடவை ரோட்டாரை எடுத்துட்டானுங்க என்றாராம். எதையும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு டீச்சர் நேராக இங்கே வந்திருக்கிறார்.

யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று சர்வேயர் கேட்டார். இரண்டு பேர் மேல் உண்டு. மாடியில் குடியிருக்கும் நர்ஸ் இரவு வேலை முடித்து வந்து காலையில் தூங்குபவர், இன்ஜின் சத்தத்துக்காகப் பல முறை சண்டைக்கு வந்தவர். இன்னொருவர் கணவரின் தம்பி. அந்தக் காரை எனக்குக் கொடுத்துவிடு என்று அண்ணனை அரித்துக்கொண்டே இருப்பவர்.

"தம்பிதான் அத்தான். சந்தேகமே இல்ல" என்றார் மைத்துனரான சாவிக்காரர், தெருவில் நடக்கும்போதே.

கொட்டகைக்குள் எண்ணெய் வாசம் அடித்தது. ஸ்பேனர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. காரின் பின் சீட்டில் ஒரு துணிப்பை, தண்ணீர் பாட்டில், மடித்த போர்வை. டீச்சரின் கணவர், அந்த மெஷின்காரர், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்து எழுந்தவர் மறுபடி உட்காரவில்லை.

சாவிக்காரர் கொட்டகைப் பூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி விட்டு நோண்டிய கீறல் இல்லை, சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள் என்றார். சாவி இரண்டு. ஒன்று மெஷின்காரரின் இடுப்பில், இன்னொன்று சமையலறை ஆணியில். தம்பி வந்தால் சமையலறை வரை போகிறவர்தானே என்று அவர் அத்தானை அர்த்தத்தோடு பார்த்தார்.

சர்வேயர் அதைக் கேட்டபடியே காரின் முன்பக்கம் போனார். பானெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கறுப்பு மூடி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக மூடியிருந்தது. கிளிப்பைத் தட்டி மூடியை எடுத்தார். உள்ளே சுழல வேண்டிய சின்ன ரோட்டார் இல்லை.

பிறகு டீச்சரிடம், பேட்டரி ஒயர் எப்படிக் கிடந்தது என்று கேட்டார். முனையில் துணி சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்ததாம். பெட்ரோல் பைப்பில் இருந்த துணி? வெள்ளைத் துணி, துவைத்தது.

தம்பியையும் நர்ஸையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். நர்ஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து, நேற்று சாயங்காலம் போய் இப்போதுதான் வந்து படுத்தேன், வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி கோபமாக வந்தார். இதில் ரோட்டார் எங்கே இருக்கும், காட்டுங்கள் என்றார் சர்வேயர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ரேடியேட்டர் விசிறியைக் காட்டினார். சாவிக்காரரின் முகம் தொங்கிவிட்டது.

தம்பி போனதும் சர்வேயர் கையைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர், நீங்க கொஞ்சம் உள்ளே இருங்க. நான் சாரோட பேசிட்டு வர்றேன்."

"நான் கூப்பிட்டுத்தானே வந்தீங்க. என் முன்னாலயே சொல்லுங்க."

சர்வேயர் மெஷின்காரரைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார்.

"கெடுக்க வந்தவன் ஒயரை வெட்டியிருப்பான், டேங்க்ல மண்ணைக் கொட்டியிருப்பான். இந்த ஆள் பொறி பறக்காம இருக்க ஒயருக்குத் துணி சுத்தியிருக்கார். அழுக்கு கார்புரேட்டருக்குள்ள போயிடக் கூடாதுன்னு துவைச்ச துணியை வச்சு அடைச்சிருக்கார். வண்டி ஓடவும் கூடாது, வண்டிக்கு ஒண்ணும் ஆகவும் கூடாது. அப்படி நினைக்கிறவர் ஒருத்தர்தான் இருக்கார்." டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொட்டுக் காட்டினார். "காலையில வண்டி பிடிக்கலைன்னா பெட்ரோல் வரலையா, பிளக் போச்சா, ஆயிரம் காரணம் இருக்கலாம். பானெட்டைத் திறக்காம, இந்த மூடியைக் கழட்டாம, ரோட்டார் இல்லைன்னு சாருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மெஷின்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்துப் பிரித்தார். ரோட்டார் அதில் இருந்தது.

டீச்சர் அதைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார். "ஏங்க?"

"அவ அந்த ஊர்ல இல்ல."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. ரோட்டாரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார். வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்று மகள் அவருக்கு ஒருமுறை போன் செய்தாளாம். எங்கே போகிறாய் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அன்று அவள் கூப்பிட்ட நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க, தேட ஆரம்பிச்சுடுவாங்கன்னு சொன்னா. அவ்வளவுதான் பேசினா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிச் சொல்ல? கிளம்புறோம்னு பையை எடுத்து வச்ச ராத்திரியிலதான் நீ மாத்திரை இல்லாமத் தூங்குற."

டீச்சர் அழுவார் என்று சாவிக்காரர் நினைத்தார். அவர் அழவில்லை. காரின் பின்கதவைத் திறந்து துணிப்பையை எடுத்தார். கனம் தாங்காமல் அதைத் திரும்பவும் சீட்டிலேயே வைத்தார். பிறகு சர்வேயரிடம் திரும்பினார்.

"நீங்க கண்டுபிடிக்கிறவர்தானே சார். அவ எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. எத்தனை நாள் ஆனாலும் சரி."

சாவிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அத்தான் சரி என்று சொல்லிவிடுவார், இன்றைக்கே பஸ் ஏறிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"காணாமப் போனவங்களைத் தேடலாம் டீச்சர்" என்றார் சர்வேயர் மெதுவாக. "அவங்க காணாமப் போகல."

டீச்சருக்குப் புரிந்தது. புரிந்தபின் கேட்பதற்கு ஒன்றும் இல்லாததுபோல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். மெஷின்காரர் ரோட்டாரை அதன் இடத்தில் பொருத்தி, மூடியை வைத்து, இரண்டு கிளிப்பையும் அழுத்தினார். சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை இழுத்து வந்து காரின் மேல் போட்டார். ஒரு பக்கம் எட்டவில்லை. சாவிக்காரர் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.