வண்டுக்கு வைத்த வாசல்

சுங்கை மெராந்தி எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. கற்பூரம் அங்கே ஒருவருக்கும் மணக்காது. மல்லிகையும் மணக்காது, கருவாடும் நாறாது. குழம்பு ஊசிப்போனதா என்று பார்க்க ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஓர் ஊசல்காட்டி கயிற்றில் தொங்கும். விரல் நீளக் கருவி. நீட்டினால் பச்சை விளக்கு எரியும், கெட்டதென்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் சோறு குப்பைக்கு, துணி சவுக்காரத் தண்ணீருக்கு. பிள்ளைகள்கூடப் பள்ளிக்குப் போகுமுன் அக்குளில் நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் மணமறைப்பித் தூண்களின் புண்ணியம். அவற்றைக் கொண்டுவந்தவர் அமிர்தலிங்கம், தோட்டத்தின் பூச்சித் தடுப்புப் பிரிவுத் தலைவர்.

காண்டாமிருக வண்டு செம்பனையின் குருத்தைத் துளைக்கும். கூடுப்புழு ஓலையைச் சல்லடையாக்கும். ஒரு காலத்தில் தோட்டம் அவற்றோடு பல வழிகளில் மல்லுக்கட்டியது. பொறி வைத்தார்கள், புழுவைத் தின்னும் குளவிகளுக்காகப் பூச்செடி நட்டார்கள், எதற்கும் அடங்காதபோது நஞ்சு தெளித்தார்கள். நஞ்சுத் தொட்டியை முதுகில் சுமந்தவர்கள் பெண்கள். அமிர்தலிங்கத்தின் மனைவி ரஞ்சிதமும் சுமந்தவள்தான். இன்றும் மழை பெய்தால் அவளுக்கு இருமல் வரும். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் தூண்களுக்காக மேலிடத்தோடு சண்டை போட்டார்.

பூச்சி மோப்பம் பிடித்துத்தான் மரத்தைக் கண்டுபிடிக்கிறது. தூண் கக்கும் புகை மோப்பத்தை அடைத்துவிடும். மரம் எதிரே நின்றாலும் வண்டுக்கு அது மரமில்லை. ஆனால் வண்டும் லேசுப்பட்டதல்ல; தலைமுறைக்குத் தலைமுறை பழகிக்கொண்டது. புகையைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். கடைசியில் மனிதர்களின் மூக்கும் அடைபட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நஞ்சு சுமந்த முதுகுகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

செம்பனைப் பூவில் மகரந்தம் சுமக்கும் சின்னக் கூன்வண்டுக்கு மட்டும் புகையில் ஒரு 'வாசல்' வைத்திருந்தார்கள். அதன் மோப்பத்தைத் தூண் தொடாது. அமிர்தலிங்கத்தின் பெருமை எல்லாம் அந்த வாசலில்தான் இருந்தது.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவர்களுடைய ஒரே மகள் ரூபிணியைக் கொண்டுபோயிற்று. பள்ளிக்கூடப் பூப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை. கருமாதி முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, காலைப் பசியாறும்போது ரஞ்சிதம் கேட்டாள்.

"என்னங்க, தூண ஒரு நாளு நிப்பாட்ட முடியுமா?"

"எல்லாத்தையுமா? எதுக்கு?"

அவள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "ரூபி கடைசியா ஆடுன சட்ட. வேர்வையோட அப்படியே எடுத்து வச்சிட்டேன். ஒரே ஒரு தடவ மோந்து பாக்கணும்ங்க."

அமிர்தலிங்கத்தின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. அவருக்கு அந்த டின்னைத் தெரியும். கருமாதிக்கு மறுநாள் எதையோ தேடப்போய் அதைத் திறந்திருந்தார். தோட்டத்தில் பழகிய கை, கேட்காமலே ஊசல்காட்டியை நீட்டியது. சிவப்பு எரிந்தது. ஐயோ, பிள்ளையின் சட்டை கெட்டுப்போகிறதே என்று பதறினார். தானே ஊறவைத்து, தானே கசக்கி, வெயிலில் காயவைத்து, இருந்த மடிப்பு மாறாமல் உள்ளே வைத்தார். மகளுக்குச் செய்யும் கடைசி வேலை என்று அழுதுகொண்டே செய்தார்.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"டவுனுக்குக் கொண்டு போய்ப் பாக்கலாமே, ரஞ்சி."

"சட்டைய கொண்டு போலாம். வீட்ட எப்படிங்க கொண்டு போறது? அவ இங்கதான இருந்தா." கொஞ்ச நேரம் டின்னைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பூ வண்டுக்கு மட்டும் வாசல் வச்சீங்களே. நமக்கு ஏங்க வைக்கல?"

"அது இல்லன்னா காய் புடிக்காது, ரஞ்சி."

"ம். நாம இல்லன்னாலும் காய் புடிக்கும்."

அந்தக் கேள்வியைத் தோட்டத்தில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை.

தூண்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கழுவுவதுதான் வழக்கம். அன்று அமிர்தலிங்கம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார். வேலை போனாலும் போகட்டும். தையல் மடிப்பிலாவது, கழுத்துப் பட்டையிலாவது மகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க மாட்டாளா என்ற நப்பாசை அவருக்கு.

பிற்பகலில் மூக்குகள் திறந்தன. முதலில் சாக்கடை நாறியது. சிலர் வாந்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் புதுத்தாய் குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்தவள் எடுக்கவேயில்லை.

ரஞ்சிதம் அவசரப்படவில்லை. கதவை, தலையணையை, பந்து மட்டையின் பிடியை எல்லாம் மோந்து பார்த்தாள். ஊசல்காட்டிக்குப் பயந்து எல்லாவற்றையும் அவளே தேய்த்துக் கழுவியிருந்தாள். வெயில் தாழ்ந்த பிறகு டின்னைத் திறந்து, சட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை உள்ளே புதைத்தாள்.

வெகுநேரம் அப்படியே இருந்தாள். அமிர்தலிங்கம் சுவரோடு சுவராக நின்றார். பிறகு அவள் நிமிர்ந்தாள்.

"சவுக்காரம்," என்றாள்.

"நாந்தான் ரஞ்சி... செவப்பு எரிஞ்சிச்சி... கெட்டுப் போயிருமேன்னு..." குழந்தைபோல் விம்மினார்.

ரஞ்சிதம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை. சட்டையைத் திருப்பிக் கழுத்துப் பட்டையை மோந்தாள், அக்குள் தையலை மோந்தாள், மெதுவாக மடித்தாள்.

"நல்லாத்தான் தொவச்சிருக்கீங்க."

அப்போது ஏதோ சன்னலில் மோதிக் கூடத்துக்குள் விழுந்தது. கறுத்த, கொம்பு வைத்த வண்டு. பல ஆண்டுகளாகத் தோட்டத்தில் யாரும் பார்த்திராத காண்டாமிருக வண்டு. புரண்டு எழுந்து கொம்பை ஆட்டியது. பிறகு வாசலுக்கு வெளியே நின்ற செம்பனையை நோக்கி நேராக நடந்தது. அமிர்தலிங்கத்தின் கைப்பேசி அலறத் தொடங்கியது, மேலிடமாகத்தான் இருக்கும்.

"இதுக்கு வழி தெரிஞ்சிருச்சி பாருங்க," என்றாள் ரஞ்சிதம். கைகளை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். "தூண போட்டுருங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, ரஞ்சி."

"வேணாம். வீடு பூரா சவுக்காரந்தான் மணக்குது. என்னால தாங்க முடியல. போட்டுருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்துச் சுவரில் இருந்த தூண்களின் கட்டளைப் பலகையைத் தட்டினார். தொலைவில் தூண்கள் ஒவ்வொன்றாக முனகின. புகை சன்னல் வழியே தெரியாமல் வந்து படிந்தது. நிலைப்படிவரை போயிருந்த வண்டு நின்றது. கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, வந்த வழியே திரும்பியது. பிறகு கூடத்தின் நடுவில் சுற்றிச் சுற்றி வந்தது.

ரஞ்சிதம் அதை மிதிக்கவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.