ஊற்றடியில் ஒரு டிபன் டப்பா

பிணத்துக்குத் தலை இல்லை.

கை இருந்தது. கால் இருந்தது. சிவப்பு கவுன் இருந்தது. கழுத்துக்கு மேலே... வெறும் ஓட்டை.

பாஞ்சாலி போட்ட கூச்சலில் கீரைப் பாத்தியில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவள் புருஷன் தணிகாசலம் மண்வெட்டியோடு ஓடிவந்தார். வருகிற வழியில் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கூச்சல் முன்னால் கேட்டால் திருடன் பின்னால் இருப்பான் என்பது அவர் கணக்கு.

"இன்னாடி?"

"பொணம்யா..."

குனிந்து பார்த்தார்.

பிணத்தின் நீளம் ஒரு விரல். பிளாஸ்டிக் பொம்மை.

அது கிடந்தது ஒரு டிபன் டப்பாவுக்குள். டப்பா கிடந்தது ஊற்றுக் குழாயின் சிமென்ட் மேடைக்கு அடியில், ஒரு கல்லுக்குப் பின்னால். பொம்மைக்குத் துணையாக ஒரு சாவி, ஒரு ஹேர்கிளிப், ஒரு வெளிநாட்டுக் காசு.

அப்புறம்... ஊசி குத்திய எலுமிச்சம்பழம்.

தணிகாசலம் மண்வெட்டியை டப்பாவுக்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

பென்னலூரைத் தாண்டி, கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே விற்காமல் மிஞ்சிய ஒரே கழனி அவருடையது. விற்காததற்குக் காரணம் இந்த ஊற்று. மோட்டார் கிடையாது. கரண்ட் கிடையாது. பூமிக்குள்ளிருந்து தண்ணீர் தானாக ஏறி, குழாய் வாயில் பொங்கி வழியும். அதில் விளைகிற கீரைதான் சுற்றுவட்டார ஹாஸ்டல் பிள்ளைகளின் சாம்பாரில் மிதக்கிறது.

இரண்டு மாதமாக ஊற்று இளைத்துக்கொண்டே வந்தது. முழங்கை தண்டி வந்த தண்ணீர் இப்போது சுண்டுவிரல் தண்டி. அதுவும் நின்றால் கீரை போகும். கீரை போனால் கழனி போகும். கழனியை வாங்க ஆளும் ரெடி. பக்கத்துத் தகர வேலிக்குள் தண்ணி லாரி கம்பெனி நடத்தும் நம்பிராஜன், வாரம் தவறாமல் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறான்.

"செய்வினைடி," என்றார் தணிகாசலம். "ஊத்து ஏன் வத்துதுன்னு இப்ப தெரியுது."

"யோவ், எத்தினி வாட்டி சொல்றது? அந்த வேலிக்குள்ள மோட்டாரு ஓடுது. திருட்டு போரு போட்டு நம்ம தண்ணிய இழுத்துகினு கீறான்."

"நீ இன்னா பூமிக்குள்ள பூந்து பாத்தியா? அது ஜெனரேட்டராம்."

"யாரு சொன்னா?"

"அவன்தான் சொன்னான்."

"அவன் சொன்னா நம்பிடுவியா?"

"அவன் சொன்னதையும் நம்பல, நீ சொல்றதையும் நம்பல. இந்தா, கண்ணு முன்னால கீது பாரு. எலுமிச்சம்பழம். ஊசி. தலையில்லாத பொம்ம. கழுத்துல கார்டு மாட்டிகினு, போன கைல புடிச்சிகினு பசங்க வந்து இந்த மேடைய மோந்துட்டுப் போனானுங்களே... அத்தினி பேரும் நம்பிராஜன் ஆளுங்க."

"வாலாஜாபாத்துல ஒரு மந்திரவாதி கீறாராம். கூட்டியாரட்டா?"

"வாணாம். அவன் வெச்சவன்கிட்டயும் வாங்குவான், எடுக்கறவன்கிட்டயும் வாங்குவான்."

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் மாரிசெல்வி அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் லைன் வேலை. டப்பாவைப் பார்த்ததும் தூக்கம் கலைந்துவிட்டது.

"தாத்தா, இது செய்வினை இல்ல. ஜியோகேச்சு. ஒரு வெளாட்டு."

"பொம்ம தலைய திருவுறது வெளாட்டா?"

"ஒருத்தர் டப்பாவ ஒளிச்சு வச்சிட்டு, அது எங்க இருக்குன்னு ஆப்புல போட்டுருவாவ. மத்தவிய போன பாத்துக்கிட்டே தேடி வருவாவ. கண்டுபிடிச்சா அதுல ஒரு சாமான எடுத்துக்கிட்டு, தன் சாமான் ஒண்ண வச்சிட்டு, டப்பாவ பழைய எடத்துலயே வச்சிட்டுப் போயிருவாவ."

"திரும்ப வெச்சிட்டா?"

"ஆமா."

"டப்பாவ யாரும் தூக்கினு பூடமாட்டாங்க?"

"மாட்டாவ தாத்தா."

தணிகாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாக்கடை மூடியைக்கூட விட்டுவைக்காத ஊரில் இப்படி ஒரு கதை.

"தாயி, எடுத்துகினு போறவன் திருடன். அது எனக்குப் புரியுது. பெட்ரோல் போட்டுகினு தேடி வந்து, வெச்சிட்டுப் போறான் பாரு... அவன் அதவிட பெரிய திருடன். சரி, எலுமிச்சம்பழம் இன்னாத்துக்கு?"

மாரிசெல்வி பாஞ்சாலியைப் பார்த்தாள். பாஞ்சாலி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"அது... தெரியல தாத்தா."

"அப்டி வா வழிக்கு."

செய்வினைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வைத்தவன் இடத்துக்கே திருப்பிவிட வேண்டும். உச்சி வெயிலில். போகும்போது யாரிடமும் பேசக்கூடாது. வந்த பிறகும் யாரிடமும் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே...

திரும்பிப் பார்க்கவே கூடாது.

ஆயுசு முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தே நடந்த மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. டப்பாவைத் துண்டில் சுருட்டிக்கொண்டு நடந்தபோது பிடரி அரித்தது. பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது. செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. பேய்க்குச் செருப்பு ஏது என்று மனதைத் தேற்றிக்கொண்டு எட்டி நடந்தார்.

நம்பிராஜனின் செக்யூரிட்டி சாப்பிடப் போயிருந்தான். தகரத்துக்கு அடியில் நாய் நுழைகிற பொந்து. தணிகாசலம் முழங்கை வரைக்கும் கையை விட்டு டப்பாவை உள்ளே தள்ளினார். வேலிக்கு அந்தப் பக்கம் கொர்ரென்று ஒரு சத்தம். காலடியில் மண் அதிர்ந்தது.

பெரிய ஜெனரேட்டர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை.

கீரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது.

முதலில் இரண்டு பைக். பின்னால் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. லீவு நாளிலும் கழுத்தில் கார்டு. எல்லார் கையிலும் போன். ஆனால் ஒருத்தன்கூட ஊற்றுப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தகர வேலிக்குப் போனார்கள். தட்டினார்கள். தடவினார்கள். ஒரு பையன் இன்னொருத்தன் தோளில் ஏறி உள்ளே குதித்தான். அவன் பின்னால் ஒரு பட்டாளமே குதித்தது.

"யாருய்யா நீங்கள்லாம்?" நம்பிராஜனின் குரல் கிழிந்தது.

"டப்பா தேடறோம் சார். ரெண்டு நிமிஷம்."

"எந்த டப்பாடா? வெளிய போங்கடா. போலீஸக் கூப்பிடுவேன்."

கூப்பிட்டான்.

திருட்டு போர் போட்டவன், தன் கையாலேயே போன் போட்டு, தன் கையாலேயே கேட்டைத் திறந்து, இன்ஸ்பெக்டர் ஜோயலை உள்ளே அழைத்துக்கொண்டு போனான். கேட் திறந்ததும் ஊர் உள்ளே போனது. தணிகாசலம் ஊருக்குப் பின்னால் போனார்.

உள்ளே மூன்று போர். மூன்றிலும் மோட்டார். குழாய் வாயில் வரிசையாகத் தண்ணி லாரிகள்.

ஜோயல் முதலில் மோட்டாரைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். நம்பிராஜனின் புது காரைப் பார்த்தார். பிறகு முப்பது நாற்பது செல்போன்கள் தன் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

அதன்பின் மோட்டார் நன்றாகத் தெரிந்தது.

"என்னய்யா இது?"

"ஜெனரேட்டர் சார்."

"ஜெனரேட்டர் வாயில ஏன்யா தண்ணி கொட்டுது?"

நம்பிராஜன் குழாய்க்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றான். பொந்துப் பக்கம் ஒரு பெண் டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கைதட்டினாள். ஜோயல் வாங்கித் திறந்தார். தலையில்லாத பொம்மையும் எலுமிச்சம்பழமும் அவரைப் பார்த்தன. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இத யாரு இங்க வச்சது?"

"எனக்குத் தெரியாது சார்," என்றார் தணிகாசலம்.

"பெருசு, உன்ன நான் இன்னும் கேக்கவே இல்ல."

வீடியோ மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. போன் போட்டால் எடுக்காத அதிகாரிகள் ஜீப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மோட்டார்களுக்கு சீல். நம்பிராஜனுக்கு விலங்கு.

ரெண்டு நாள் ஊற்று இருமியது. கனைத்தது. அடுத்த நாள்... முழங்கை தண்டி தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

தணிகாசலம் மேடைமேல் ஏறி நின்றார்.

"பாத்தியாடி? செய்வினைய அவனுக்கே திருப்பி உட்டேன். கூண்டோட பூட்டான்."

பாஞ்சாலி கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"டப்பா மாரிசெல்வி வெளாட்டுக்கு வெச்சது. பொம்மயும் அது வெச்சதுதான். தலைய திருவி எடுத்தது நானு. எலுமிச்சம்பழம் நம்ம வூட்டுது."

தணிகாசலம் மேடையிலிருந்து இறங்கினார்.

"இன்னா சொல்ற?"

"ரெண்டு மாசமா தொண்ட கிழிய சொன்னேன், கேட்டியா? உள்ள பூந்து பாக்க நாலு பேரு வேணும். அந்தப் பசங்க டப்பா கீதுன்னா செவுரு இன்னா, மலையே ஏறும். நீ எங்க வெக்கறன்னு பின்னாலயே வந்து பாத்தேன். மாரிசெல்வி போன்ல எடத்த மாத்துச்சு."

"ஏன், நீயே கொண்டுபோய் வெக்கறதுதான?"

"நான் வெச்சா, ஏன் வெச்ச எதுக்கு வெச்சன்னு நீயே ஊரக் கூட்டிருப்ப. நீ வெச்சா ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடமாட்ட. உன்ன நம்ப வெக்க யாராலயும் முடியாதுயா. சந்தேகப்பட வெச்சா போதும்... ஓடி ஓடி வேல செய்ற."

தணிகாசலம் மெல்லத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் போட்டுக் கொடுத்த டீயை அவர் வாயில் வைக்கவில்லை. ஒரு வாய் சாஸரில் ஊற்றி, வாசலில் படுத்திருந்த பூனை முன்னால் நைசாகத் தள்ளினார்.

பூனை முகர்ந்தது. இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தது.

அதுவும் அந்த வீட்டிலேயே வளர்ந்த பூனை...

நீ முதல்ல குடி என்பதுபோல் இருந்தது பார்வை.