தேளும் கெண்டையும் ஒரு கம்ப்யூட்டரும்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால்...

1997-ம் வருஷம், ஆவணி மாதம் முதல், தாமிரபரணிக் கரையிலிருக்கும் இந்தக் கோர்ட்டில் நீதி தேவதை கம்ப்யூட்டர் மூலமாகவே பேசுவாள்!

ரிப்பன் வெட்டினார்கள். மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள்.

நான்காம் நாள் காலை, டெலிபோன் அலறியது!

எடுத்தவர் தலைமை குமாஸ்தா வைத்தீஸ்வரன். எதிரே முத்துராணி, ஜெயிலிலிருந்து வரவேண்டிய புருஷனைத் தேடி வந்தவள்.

வைத்தீஸ்வரன் ரிசீவரை வைத்தார். "ஜெயில்லேர்ந்துதான் பேசினா. உன் வீட்டுக்காரன் சங்கிலிபூதத்தானை நேத்தே ஜாமீன்ல விட்டாச்சாம்."

"வீட்டுக்கு வரலியே அய்யா!"

"கம்ப்யூட்டர்ல வந்துட்டானே!"

முத்துராணிக்குச் சுருக்கென்றது.

அவள் ஊரில் காவல் தெய்வம் சங்கிலிபூதத்தாருக்கு நேர்ந்து பிறந்த ஆண்பிள்ளைக்கெல்லாம் அதே பெயர். ஒரே தெருவில் ஒன்பது பேர்! பாதிப் பேருக்கு அப்பன் பெயரும் சுடலைதான். கோர்ட்டின் பழைய நோட்டில் சிவப்பு மையால் பட்டப்பெயர் எழுதி வைப்பார்கள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் உள்ளே போன அவள் புருஷன், கெண்டை. தேவேந்திரனை வாழைத் தோப்பில் வெட்டிப் போட்டு அதே ஜெயிலில் இருந்தவன், தேளு.

கம்ப்யூட்டரில் பட்டப்பெயருக்குக் கட்டம் இல்லை.

"அய்யா... தேளை விட்டுட்டீயளா? அவன் வெட்டுனதப் பாத்த சாட்சியே நாந்தான்! என்னையக் கொன்னுருவானே!"

படார்!

கதவு திறந்தது. தேளு நின்றான்... கண்கள் ரத்தமாய்!

முத்துராணி வீறிட்டாள்.

தேளு பாய்ந்தான்... வைத்தீஸ்வரன் காலில்!

"சாமி, என்னைய உள்ள போடுங்க! தேவேந்திரன் அண்ணன் தம்பி நாலு பேரும் அருவாளோட பஸ் ஸ்டாண்டுல நிக்கானுவ!"

வைத்தீஸ்வரன் நாலு பொத்தானைத் தட்டினார்.

"கொலைக்கேஸ் சங்கிலிபூதத்தான் உள்ளேதான் இருக்கான். நீ வாய்க்கால் கேஸ். வெளியே போலே."

"நாந்தான் சாமி வெட்டுனேன்!"

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலையே!"

தேளு திரும்பினான். "ஏளா முத்துராணி! நீ பாத்தேல்லா? சொல்லுளா!"

"இவன்தான் அய்யா! என் கண்ணால பாத்தேன்!"

"உன் சாட்சி போன மாசமே முடிஞ்சாச்சும்மா. திரும்பச் சொல்லணும்னா மனுப் போடணும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு?"

"மெட்ராஸ்லேர்ந்து எஞ்சினியர் வரணும். அதுவரைக்கும் பதிஞ்சதை யாரும் திருத்தப்படாதுன்னு ஆர்டர்."

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் ஒரு பிணம். ஏழு வெட்டு. சட்டைப்பையில் ஜாமீன் ஆர்டர் நகல்... பெயர் சங்கிலிபூதத்தான், தகப்பன் சுடலை!

போலீஸ் எழுதியது. கம்ப்யூட்டர் விழுங்கியது.

மறுநாள் பிரிண்டர் கரகரவென்று கக்கிய தாளை வைத்தீஸ்வரன் நீட்டினார்.

"என்ன அய்யா இது?"

"குற்றம் சாட்டப்பட்டவன் இறந்துட்டதால வாய்க்கால் வழக்கு முடிஞ்சது. உன் புருஷன் செத்தாச்சு."

"அவுக ஜெயிலுக்குள்ள உசிரோட இருக்காவளே! நேத்து நீங்களும்தான தேளப் பாத்திய!"

"பாத்தேன்... நான் பாத்து என்னம்மா பண்றது? உள்ளே இருக்கறவன் தேளு. தூக்கோ, ஆயுளோ."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

வைத்தீஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "விதவை பென்ஷனுக்குத் தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடு. அங்கே இன்னும் கம்ப்யூட்டர் வரலை. வேலை சீக்கிரம் முடியும்!"

பென்ஷன் அடுத்த மாதமே வந்தது.